எண்ணிக்கையில் இருக்கிறார்கள்

அந்த வாரம் சிப்பித்துறையில் யாரை எண்ணினாலும் பன்னிரண்டு பேர் கூடுதலாக வந்தார்கள். முகம் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் ஒருவரும் கூடுதலாக இல்லை. காலைப் பூசைக்கு வந்தவர்களைக் கோயில் வாசலில் நின்று எண்ணிய உபதேசியார் கஸ்பார், பெஞ்சு பெஞ்சாகப் போய்ப் பெயர் கேட்டுவிட்டு, பன்னிரண்டு பேர் எங்கே போனார்கள் என்று தலையைச் சொறிந்தார். மினிபஸ் கண்டக்டர் ஏறிய தலைகளை எண்ணிப் பார்த்து, இத்தனை பேரை வைத்துக்கொண்டு வண்டி மேடு ஏறாது என்று சத்தம் போட்டார், ஆனால் உள்ளே பாதி இருக்கைகள் காலியாகக் கிடந்தன. ஏலக்கூடத்தில் பெண்கள் ஆள் எண்ணி டீ ஊற்றினால் பன்னிரண்டு கிளாஸ் மிஞ்சி நின்றது, யாரும் தொடாமலே அவற்றில் டீ பாதியாக இறங்கியிருந்தது. முதல் நாள் இதைப் பற்றி ஊரெல்லாம் பேசினோம். இரண்டாம் நாள் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்தே உலை வைத்தோம்.

அவர்கள் யார் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. புயல் திசை மாறித் திரும்பிய திங்கட்கிழமை எங்கள் ஊர்ப் படகுகள் ஒன்பது கடலில் இருந்தன, ஏழு கரை சேர்ந்தன, ‘விடிவெள்ளி’யும் ‘ஆரோக்கியநாத’னும் வரவில்லை. படகுக்கு ஐந்து பேர். அப்படியென்றால் பத்துதானே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். எங்கள் ஒவ்வொரு படகிலும் ஆறாவதாக மாதா போகிறாள். படகின் பின்பக்கம் அவளுக்கென்று ஒரு பலகை உண்டு, அதில் யாரும் உட்காருவதில்லை, வலை வைப்பதில்லை, வருகிற மீனில் அவளுக்கு ஒரு பங்கு போகும். பெண்கள் படகில் கால் வைக்கக் கூடாது என்று வைத்திருக்கிற ஊரில் படகேறுகிற ஒரே பெண் அவள்தான்.

ஆகவே கடலுக்குப் போகிற ஒவ்வொருவர் பெயரையும் கணினியில் ஏற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, எங்கள் ஆண்கள் முதல் பெயராக மாதாவைச் சொன்னார்கள், பதிவு அறையில் இருந்த ஜெனிட்டாவும் மறுபேச்சில்லாமல் அதைத் தட்டினாள். வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருப்பாள். ஜெனிட்டா இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, ‘விடிவெள்ளி’யின் தஸ்நேவிஸுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவள். மாதா இல்லாமல் ஒரு படகைப் பதிவது அவளுக்குத் தலையில்லாமல் ஆளைப் படம் எடுப்பது போல.

ஏலக்கூடத்தை ஒட்டிய அந்தச் சின்ன அறையில் இருந்த மென்பொருளைப் பற்றி அவள் எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தாள். உள்ளே மூன்று அறைகள் இருக்கின்றனவாம். முதல் அறை பெயர்களை வாங்கிக்கொள்ளும், இரண்டாம் அறை படகில் கட்டியிருக்கும் மஞ்சள் பெட்டியிலிருந்து வருகிற சிக்னலைப் பிடித்து, யார் கடலில் எந்த இடத்தில் என்று அந்தப் பெயர்களோடு சேர்க்கும், மூன்றாம் அறை அதை நகரத்தில் உள்ள மீட்பு மையத்துக்கு அனுப்பும். இரண்டாம் அறைக்கும் மூன்றாம் அறைக்கும் நடுவே ஒரு வரிசை. அந்த வரிசையில்தான் இப்போது பன்னிரண்டு என்று எண் நின்றது. அதன்மேல் அழுத்திப் பட்டியலைக் கேட்டால், வரிசையில் எதுவும் இல்லை என்று திரை பதில் சொன்னது.

அவள் மறுபடி அழுத்தினாள். மறுபடியும் எதுவும் இல்லை, மறுபடியும் பன்னிரண்டு.

மீட்பு மையத்து அதிகாரியோடு ஜெனிட்டா ஃபோனில் பேசியபோது ஊரே அறை வாசலில் நின்றது. பெயர்களையெல்லாம் நாங்களே சொல்கிறோம், எழுதிக்கொள்ளுங்கள் என்றோம். அந்த மனிதர் கெட்டவர் இல்லை, ஆனால் அவர் நாற்காலி அப்படி.

"பேரை வச்சிக்கிட்டு நான் என்னம்மா செய்றது? எடம் வேணும். கடல் என்ன கொளமா, ஒரு சுத்து சுத்திட்டு வர? உங்க பட்டியல் இங்க காலியா வருது. பட்டியல் காலின்னா கடல்ல ஆள் இல்லைன்னுதான் கணக்கு. ஆள் இல்லாத கடலுக்கு நான் கப்பல் அனுப்ப முடியாது."

எங்கள் ஏழு படகுகளும் தாமாகத் தேடப் போயின, அலை அவற்றைப் பிடித்துத் திருப்பி மணலில் வீசியது. அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் நாங்கள் அவர்களோடு வாழத் தொடங்கினோம். கதவுகளுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை. பத்து வீட்டிலும் பாய் விரித்து வைத்தோம், காலையில் பாய் ஈரமாக இருந்தது, அதை வெயிலில் காயப் போட்டோம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் தலை எண்ணுவதை விட்டுவிட்டுப் பெயர் மட்டும் வாசித்தார், கூடுதல் வந்தால் பிள்ளைகள் தங்கள் அப்பாவைத் தேடி வகுப்பைக் கலைத்துவிடுகிறார்கள் என்பதற்காக. சாமியாரிடம் இரங்கல் பூசை பற்றி யாரோ வாய் தவறிக் கேட்டபோது, "எண்ணிக்கைல இருக்கவங்களுக்கு நான் எப்படிப் பூசை வைக்க?" என்று அவர் அழுதுவிட்டார். யாரும் கறுப்பு உடுத்தவில்லை. சண்டை போட்டவர்கள் சண்டையை நிறுத்தவும் இல்லை, ‘ஆரோக்கியநாதன்’ படகின் ரெமீஜியிடம் கோபமாக இருந்த அவன் மச்சான், காலியான மூலையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனான்.

ரெமீஜியின் மனைவி பிரகாசிக்கு நிறைமாதம். அவள் இரண்டு தட்டு வைத்து இரண்டையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். புதன்கிழமை வரை எதிர்த் தட்டில் சோறு குறைந்தது. வியாழக்கிழமை கொஞ்சம்தான் குறைந்தது. வெள்ளிக்கிழமை அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து பதிவு அறை மேசைமேல் வைத்தாள்.

"எக்கா, பாரு. ரெண்டு வாய்கூட திங்கல. அவுக போயிட்டிருக்காவ எக்கா. சீக்கிரம் ஏதாவது செய்யி."

ஜெனிட்டா செய்யாமல் இருந்தாளா? திங்கட்கிழமை முதல் அவள் வீட்டுக்கே போகவில்லை. திரையைப் புதுப்பித்தாள், கணினியை அணைத்துப் போட்டாள், வயரைப் பிடுங்கிச் செருகினாள், பழைய நினைவுகளைத் துடை என்றால் துடைத்தாள், பார்க்கும் உரிமை இருக்கிறதா என்று சோதி என்றால் சோதித்தாள், ஒவ்வொரு முறையும் பட்டியலைக் கேட்டாள், ஒவ்வொரு முறையும் அது எதுவும் இல்லை என்றது, ஒவ்வொரு முறையும் எண் பன்னிரண்டாகவே நின்றது. இதையெல்லாம் ஃபோனில் சொல்லிக்கொடுத்தவன் கம்பெனியின் உதவி மேசையில் இருந்த ஸ்ரீவத்சன் என்கிற பையன், அவன் கடலைப் படத்தில் மட்டும்தான் நிறையப் பார்த்திருப்பான் என்று அவன் குரலிலேயே தெரிந்தது. ஆனாலும் அவன் ஃபோனை வைக்கவில்லை, அதற்காக அவனை இன்றும் எங்கள் செபத்தில் நினைக்கிறோம்.

வெள்ளிக்கிழமைதான் அவன் கண்டுபிடித்தான்.

"மேடம், அவங்க வரிசையிலதான் இருக்காங்க. ஆனா மூணாவது அறை அவங்களைக் கையில எடுத்துடுச்சு. எடுத்ததை முடிக்கவும் இல்ல, கீழ வைக்கவும் இல்ல. அடுத்தவங்க கையில இருக்கறது எண்ணிக்கையில வரும், பட்டியல்ல வராது."

ஃபோன் ஒலிபெருக்கியில் இருந்தது. கூட்டத்தில் முன்னால் நின்ற கஸ்பார் குனிந்து கேட்டார்.

"எய்யா, கையில இருக்காவன்னா சொல்லுத?"

"ஆமா சார். கையில."

"அப்போ விழல," என்று கஸ்பார் பின்னால் திரும்பிச் சொன்னார், அது வாசல் கடந்து, ஏலக்கூடம் கடந்து, கடற்கரை வரைக்கும் போனது, விழல, கையில இருக்காவ, யாரோ கையில வச்சிருக்காவ. யார் கை என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை, எங்களுக்குத் தெரியும்.

ஆனால் ஸ்ரீவத்சன் முடித்திருக்கவில்லை. அந்த வரிசைக்குக் காலாவதி உண்டு என்றான். ஒரு வாரத்துக்குமேல் நகராமல் நிற்பதை அது தானாகவே அழித்துவிடும், புயலுக்கு முந்தின நாளே படகுகள் பதிவானதால் ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு கெடு முடிகிறது. அந்தக் காலாவதியை மாற்றவோ, என்ன கோளாறு என்று பார்க்கவோ மூன்றாம் அறையை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அது கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடும், பட்டியலும் தெரியும்.

"கீழ வச்சிருமா?" என்றாள் ஜெனிட்டா.

"ஆமா மேடம். அப்பதான் பாக்க முடியும்."

சனிக்கிழமை காலை, செபமாலை சொல்லி முடித்துவிட்டு, அவள் மூன்றாம் அறையை நிறுத்தினாள். பட்டியல் வந்தது. அது வந்த அதே கணத்தில் பதிவு அறைக்குள் பத்துப் பேரும் நின்றார்கள், சொட்டச் சொட்ட நனைந்து, கண்ணை மூடிக்கொண்டு, சுவரோரம் ஒருவரை ஒருவர் பிடித்தபடி, தஸ்நேவிஸ் மேசைக்கு அந்தப் பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றான். தரையிலிருந்து தண்ணீர் ஏறியது. அது கணுக்கால் தாண்டி முழங்கால் தாண்டி அவர்களுக்கு மட்டும் ஏறியது, எங்கள் கால் நனையவில்லை. ரெமீஜியின் வாய் மூழ்கியபோது பிரகாசி அலறிய அலறலை எங்களால் மறக்க முடியவில்லை. ஜெனிட்டா மூன்றாம் அறையை மறுபடி ஓடவிட்டாள், தண்ணீரும் இல்லை, அவர்களும் இல்லை, சுவரில் மட்டும் உப்பு ஒட்டியிருந்தது.

தன் புருஷனைத் தொடக் கை நீட்டாமல் அவள் அந்த நேரத்தில் பட்டியலைப் படித்திருந்தாள், இடங்களைக் குறித்துக்கொள்ள மட்டும் தண்ணீர் விடவில்லை. அவளை நாங்கள் அன்றைக்குக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தோம். பதிவில் மாதா இரண்டு முறை இருந்தாள், ஒன்று ‘விடிவெள்ளி’யில், ஒன்று ‘ஆரோக்கியநாத’னில், இரண்டிலும் சிவப்புக் கோடு. போன மாதம் கம்பெனி புது விதி ஒன்றை மென்பொருளில் சேர்த்திருந்ததாம்: ஒரே ஆள் ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. கரை சேர்ந்த படகுகளின் பதிவு அன்றன்றே மூடிவிட்டதால் அதுவரை யாருக்கும் அது தெரியவில்லை.

ஸ்ரீவத்சன் பெருமூச்சு விட்டான். "இவ்வளவுதானா? ஒரே லேடி ரெண்டு படகுல எப்படி மேடம் போவாங்க? ஏதாவது ஒண்ணுல எடுத்துடுங்க. அஞ்சு செகண்ட் வேலை. உடனே பட்டியல் மையத்துக்குப் போயிடும், கப்பல் கிளம்பிடும்."

புயலில் மாட்டின படகிலிருந்து மாதாவை இறக்கிவிடுவதைப் பற்றி அந்தப் பையன் பேசுகிறான் என்பது அவனுக்குத் தெரியாது. யார் கையில் இருப்பதால் அவர்கள் இதுவரை விழவில்லையோ அவளை இறக்கிவிட்டால், கப்பல் போய்ச் சேரும்வரை அந்தப் படகை யார் பிடித்துக்கொண்டிருப்பார்கள்? எந்தப் படகிலிருந்து இறக்குவது? ஐந்து வீட்டுக்காரர்கள் இடப்பக்கமும் ஐந்து வீட்டுக்காரர்கள் வலப்பக்கமுமாக எப்போது பிரிந்து நின்றோம் என்று தெரியவில்லை, அப்படித்தான் நின்றோம், பேசவும் தொடங்கினோம், அவற்றில் பாதியை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. யார் வீடு கோயிலுக்கு அதிகம் செய்தது என்றார் ஒருவர். எங்கள் படகில் அண்ணன் தம்பி இருவர் என்றாள் ஒருத்தி. சாமியார் சீட்டுக் குலுக்கலாமா என்று கேட்டு, கேட்டதற்காக வாயைப் பொத்திக்கொண்டார்.

பிரகாசி மட்டும் சத்தம் போடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசையருகே வந்தாள்.

"எக்கா, கம்ப்யூட்டர் ஒன் கையிலதான இருக்கு. நீ ஒன் வீட்டுக்காரர் படகுல மாதாவ வச்சிக்கிட்டா நான் என்ன கேக்க முடியும்? நானா இருந்தா அப்படித்தான் செய்வேன்."

ஜெனிட்டா எங்கள் எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். நாங்கள் போகவில்லை. கஸ்பார் மட்டும், வெட்கப்பட்டோ என்னவோ, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஸ்ரீவத்சன், மையத்துல கப்பல ரெடியா நிக்கச் சொல்லுங்க. பட்டியல் வந்ததும் ஒரு நிமிசம் தாமசம் ஆகக் கூடாது."

"பேசிட்டேன் மேடம். காத்திட்டிருக்காங்க. எந்தப் படகுல எடுக்கறீங்க?"

"ரெண்டுலயும் பலக காலியா இருக்காது," என்றாள் அவள்.

அவள் மூன்றாம் அறையை நிறுத்தினாள். அவர்கள் சுவரோரம் தோன்றினார்கள், தண்ணீர் ஏறத் தொடங்கியது. ‘ஆரோக்கியநாத’னை அவள் தொடவில்லை, அதில் மாதா இருந்தபடி இருந்தாள். ‘விடிவெள்ளி’யின் வரியில் மாதாவின் பெயரை அழித்தாள். தஸ்நேவிஸின் தாடை வரை தண்ணீர் வந்துவிட்டது, அவள் அவனைப் பார்க்காமல் திரையை மட்டும் பார்த்தாள், அழித்த இடத்தில் ஜெனிட்டா என்று தட்டினாள், வயது தட்டினாள், ஃபோன் எண் தட்டினாள், கேட்டதற்கெல்லாம் பதில் உள்ள ஒரு பெண்ணை அந்தப் பலகையில் உட்கார வைத்துவிட்டு மூன்றாம் அறையை ஓடவிட்டாள். பத்துப் பேரும் மறைந்தார்கள். நாற்காலி லேசாகச் சுழன்று நின்றது. அதன் கீழே அவளுடைய செருப்பு இரண்டும் சேர்த்து வைத்திருந்தது.

"மேடம், போயிடுச்சு! பட்டியல் போயிடுச்சு! கப்பல் கிளம்பிடுச்சு!" என்று ஃபோன் காலி நாற்காலியிடம் கத்தியது.

பிரகாசிதான் குனிந்து பதில் சொன்னாள். "அவ படகுக்குப் போயிட்டா எய்யா."

மாலைக்குள் பத்துப் பேரையும் கொண்டுவந்துவிட்டார்கள். ‘ஆரோக்கியநாத’னில் இருந்தவர்கள் ஒன்றும் பார்க்கவில்லை, பின்பலகை மட்டும் கடைசிவரை நனையவே இல்லை என்றார்கள். ரெமீஜி அன்றே பிரகாசியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். ‘விடிவெள்ளி’யில் வந்தவர்களில் தஸ்நேவிஸ் கரையில் இறங்கியதும் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனான், எல்லா முகமும் முடிந்த பிறகு மணலில் உட்கார்ந்தான்.

"வந்து பலகையில உக்காந்தா," என்று சொன்னான். "செருப்பு இல்ல. கழுத்துல ஆபீஸ் அட்ட கெடந்துச்சு. படகு ஒரு பக்கம் சாஞ்சிட்டு, அவ ரெண்டு கையாலயும் ஓரத்தப் புடிச்சா, நேரா நின்னுட்டு. ஏட்டி, நீ எப்படி வந்தன்னேன். பேசாம தண்ணியக் கோரி ஊத்துங்கன்னா. எத்தன நேரம் புடிச்சிக்கிட்டிருந்தான்னு தெரியல. கப்பல்காரன் கயிறு போட்டு எண்ணிக்கிட்டே ஏத்துனான். ஆறு பேர்னு எண்ணுனான். நானுந்தான் எண்ணுனேன். மேல ஏறிப் பாத்தா அஞ்சு பேர் நிக்கோம்."

பதிவு அறையில் வரிசை ஒன்று என்று காட்டியது. பட்டியல் கேட்டால் எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவத்சன் ஃபோன் செய்தான். அவன் குரல் ஒரே வாரத்தில் வயதாகியிருந்தது. ஜெனிட்டாவின் பெயரில் திறந்த கணக்கு அந்தக் கணினியில் இன்னும் மூடப்படவில்லை, அதன்படி அவள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறாள், படகுப் பதிவின்படி கடலில் இருக்கிறாள், ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்பதால் மூன்றாம் அறை கரை சேர்ந்தவர்களை விட்டுவிட்டு அவளை மட்டும் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறது என்று விளக்கினான். கணக்கை மூடினால் சிக்கல் தீரும் என்றான். பிறகு அவனே கேட்டான்.

"மூடினா அவங்க கடல்லதான் இருப்பாங்க. அங்க இப்ப படகு இல்லையே சார்?"

"இல்ல," என்றான் தஸ்நேவிஸ்.

"மேல இருந்து வரிசையைக் காலி பண்ணச் சொல்றாங்க. நான் செய்யல. சனிக்கிழமை அவங்க நிறுத்தின நேரத்துல காலாவதிக் கட்டத்துல இங்கிருந்தே சைபர் போட்டுட்டேன். இனி அது அழியாது. ஒரே ஒண்ணு, அந்த கம்ப்யூட்டர் மட்டும் அணையக் கூடாது, அணைஞ்சா கணக்கு மூடிடும்."

அது அணையவில்லை. ஊர் இன்வெர்ட்டர் வாங்கி வைத்தது, அதற்கு மேல் கோயில் ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயர் இழுத்தோம், திருவிழாவில் கரண்ட் போனால் சப்பரம் இருட்டில் நிற்கும், அந்த அறை இருட்டாகாது. புதிதாக வந்த பெண் வேறு கணினியில் வேலை செய்கிறாள். ஜெனிட்டாவின் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை, அதன்மேல் ஒன்றும் வைப்பதில்லை, வருகிற மீனில் அதற்கு ஒரு பங்கு போகிறது. மாதா இப்போது பதிவின்படி ஒரு நாளைக்கு ஒரு படகில்தான் போகிறாள், முறை வைத்திருக்கிறோம். பிரகாசி தன் மகளுக்கு ஜெனிட்டா என்றுதான் பெயர் வைத்தாள், தொட்டிலருகே யாரையும் ஆள் எண்ண விடுவதில்லை.

மூன்றாம் அறையை ஒரு தடவை நிறுத்தினால் தஸ்நேவிஸ் அவளைப் பார்க்கலாம். எப்படி நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியும், இங்கிலீஷ் படிக்கத் தெரியாவிட்டாலும் எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று பார்த்து வைத்திருக்கிறான். சில நாள் காலையில் அந்த அறைக்கு வந்து, விரலை அங்கே கொண்டுபோய், சுவரில் இன்னும் போகாத உப்பைப் பார்த்துவிட்டு, விரலை எடுத்துக்கொண்டு போவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அப்போதெல்லாம் அவனிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

‘விடிவெள்ளி’யை அவன் மறுபடி கட்டிவிட்டான். மாதாவின் முறையில் தன் படகைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கடலுக்குப் போகும்போது ஆளை எண்ணுவது எங்களுக்கு ஆகாது, ஆனால் அவன் எண்ணுகிறான்: எல்லோரும் ஏறியதும் பின்பலகைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு வாய்க்குள் எண்ணுவான், ஆறு வந்ததும் தள்ளச் சொல்லுவான். திரும்பிப் பார்த்தால் பலகை காலியாகத்தான் இருக்கும். அதனால் கரை வந்து சேரும்வரை அவன் திரும்புவதில்லை.